துணைவேந்தர் நாற்காலி காலியாக இருந்தால் பல்கலைக்கழகத்தில் என்னதான் நின்றுபோகும்?

வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே நிற்காது. வகுப்பு நடக்கும், தேர்வு நடக்கும், முன்பின்னாகச் சம்பளமும் வரும். நான் தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆராய்ச்சிப் பிரிவில் குப்பை கொட்டியவன். எது நிற்கும் என்று தெரியும்.

பி.எச்டி. கோப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்வேட்டை மதிப்பிடத் தகுந்தவர்களின் பெயர்ப்பட்டியலை நெறியாளர் உறையில் ஒட்டித் தருவார். அதைப் பிரித்து எந்தப் பெயருக்கு நேரே டிக் போடுவது என்பது துணைவேந்தர் வேலை. அவர் இருந்தவரை காலையில் வைத்த கோப்பு மாலையில் திரும்பிவிடும். பதவிக்காலம் முடிந்து, துணைவேந்தர் இல்லாதபோது அவர் பொறுப்பைக் கவனிக்கும் கன்வீனர் கமிட்டி வந்தது. தலைவர் வேறோர் ஊரில் இருக்கும் அதிகாரி. அவருக்கு ஆயிரம் வேலை, அவரைக் குறை சொல்ல முடியாது. நாங்கள் கோப்புகளைக் கட்டாகக் கட்டி வாரம் ஒருமுறை காரில் அனுப்பினோம்.

கைக்குழந்தையோடு ஒரு பெண் வருவார். "சார், கவர் பிரிச்சாச்சா?" அவ்வளவுதான் கேட்பார். "புராசஸ்ல இருக்கும்மா" என்பேன். மூன்று மாதம் இதே வசனம்.

நாற்காலி ஏன் காலியாகிறது? வேந்தர் ஆளுநர், இணைவேந்தர் உயர்கல்வி அமைச்சர். தேடுதல் குழு தரும் மூன்று பெயர்களில் ஒருவரை ஆளுநர் நியமிப்பார். அந்தக் குழுவில் யுஜிசி, அதாவது மத்திய அரசின் பல்கலைக்கழக மானியக் குழுவின் பிரதிநிதி வேண்டும் என்றார் ஆளுநர். எங்கள் சட்டத்தில் அப்படி இல்லை என்றது அரசு. இந்த இழுபறியில்தான் 1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே 2023 ஆகஸ்டில் நாற்காலி காலியானது. 1942 முதல் 1969 வரை ஏ. லட்சுமணசாமி முதலியார் 27 வருடம் ஒரே ஆளாக உட்கார்ந்த நாற்காலி அது!

2025 ஏப்ரல் 8 அன்று, நியமன அதிகாரத்தை அரசுக்கு மாற்றும் மசோதாக்கள் உட்பட 10 மசோதாக்கள் ஆளுநரின் ஒப்புதல் பெற்றதாகவே உச்ச நீதிமன்றம் அறிவித்தது. மே 21 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த மாற்றத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. ஆளுநரா, அரசா என்று டீக்கடை வரை சண்டை. என்னைக் கேட்டால் யார் கையெழுத்து என்பது இரண்டாம்பட்சம். பழையவர் போகும் தேதி மூன்று வருடம் முன்பே தெரியும். அதற்குள் புதியவரைப் போட்டிருக்க வேண்டாமா?

ஒருவழியாக அந்தப் பெண்ணின் கவர் டிக்கோடு வந்தது. டிக் விழுந்த பேராசிரியர் அதற்குள் வெளிநாடு போய்விட்டார். அடுத்த பெயருக்கு மறுபடி நோட் போட்டு, அந்த வாரக் கட்டில் சேர்த்தேன்.