ராணுவ விமான விபத்து அறிக்கைகளை எப்படிப் படிப்பது?

கேள்வி: சிறிய விமானப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் பாதுகாப்புப் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. ராணுவ விமான விபத்துகளைப் படித்து மாணவர்களுக்குப் பாடம் சொல்லும்படி நிர்வாகம் கேட்கிறது. எந்த அறிக்கையை எடுத்தாலும் ‘விமானியின் தவறு’ என்றே முடிகிறது. இதற்கிடையில், விமானப்படைகளின் உள் அறிக்கைகளைத் தொகுத்துப் பாதுகாப்புக் கோப்பாகத் தயாரித்துத் தருவதாக ஆலோசகர் ஒருவர் விலை பேசுகிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம்.

முதலில் அந்த ‘உள் அறிக்கை’யைப் பார்ப்போம். அமெரிக்க விமானப்படையில் பெரிய விபத்து நடந்தால் பொதுவாக இரண்டு விசாரணைகள் நடக்கும். ஒன்று, அதே விபத்து மறுபடி நடக்காமல் தடுப்பதற்கு. சாட்சிகள் பயமில்லாமல் பேச வேண்டும் என்பதால் அங்கே சொன்னது வெளியே போகாது. மற்றது, சட்டத் தேவைக்கும் பொதுமக்களுக்குத் தெரிவிப்பதற்கும். நமக்குக் கிடைப்பது இரண்டாவது மட்டுமே. அதற்குக் காசும் இல்லை. முதலாவது தன் பையில் இருக்கிறது என்பவர் பொய் சொல்கிறார், இல்லாவிட்டால் நம்பிப் பேசியவர்களைக் காட்டிக்கொடுக்கிறார். எப்படியானாலும் அவர் உங்களுக்கு வேண்டாம். இப்படி விற்கப்பட்ட கோப்புகளைப் பார்த்திருக்கிறேன். அட்டையில் பள்ளியின் பெயர் மாறும், உள்ளே எழுத்து மாறாது. ஒற்றை எஞ்சின் விமானம் மட்டுமே வைத்திருந்த பள்ளியின் கோப்பில் இரட்டை எஞ்சின் விமானத்துக்கான அவசர நடைமுறை பக்கம் பக்கமாக இருந்தது. நிர்வாகத்தில் ஒருவரும் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை.

கோப்பு தடித்திருந்தால் விமானம் பத்திரமாகிவிடாது. 2006 செப்டம்பர் 2 அன்று பிரிட்டன் விமானப்படையின் நிம்ராட் ரகக் கண்காணிப்பு விமானம் ஒன்று ஆப்கானிஸ்தான் வானில் தீப்பிடித்து 14 பேர் இறந்தார்கள். அந்த ரக விமானம் பாதுகாப்பானது என்று காட்டும் ஆவணம் அதற்கு முன்பே எழுதி முடிக்கப்பட்டிருந்தது. முப்பது ஆண்டு பறந்த விமானம்தானே, பத்திரமாகத்தான் இருக்கும் என்ற எண்ணத்தோடு அது எழுதப்பட்டதாக 2009இல் வெளியான விசாரணை அறிக்கை கடுமையாகச் சாடியது. உங்கள் ஆலோசகர் விற்பதும் அதே மாதிரிக் காகிதம்தான், சின்ன அளவில்.

இனி உங்கள் உண்மையான சந்தேகம். அறிக்கையின் கடைசியில் விசாரணைக் குழுத் தலைவரின் கருத்து என்று வரும் பகுதியை இப்போதைக்கு மூடி வையுங்கள். நடந்ததை வரிசையாகச் சொல்லும் பகுதியைப் படியுங்கள். 2003 செப்டம்பரில் அமெரிக்காவின் மவுண்டன் ஹோம் தளத்தில் தண்டர்பேர்ட்ஸ் என்ற விமானப்படைச் சாகசக் குழுவின் எஃப்-16 போர் விமானம் ஒன்று தரையில் மோதியது. விமானத்தைக் கவிழ்த்துக் கீழ்நோக்கித் திருப்பும் வித்தைக்குத் தரையிலிருந்து 2,500 அடி உயரம் வேண்டும். விமானி 1,670 அடியிலேயே திருப்பிவிட்டார். மோதுவதற்கு 0.8 விநாடி முன்பு வெளியேறி உயிர் தப்பினார். விமானியின் தவறா? ஆம். ஆனால் உயரமானி காட்டியது கடல் மட்டத்திலிருந்து உயரத்தை. தரையிலிருந்து எவ்வளவு என்பதை அவர் மனக்கணக்காகப் போட வேண்டியிருந்தது. அந்தக் கணக்கில் மவுண்டன் ஹோம் விமானத்தளம் கடல் மட்டத்திலிருந்து இருக்கும் உயரம் தவறிப்போயிற்று. குழுவின் சொந்தத் தளமோ ஆயிரம் அடிக்கு மேல் தாழ்வானது. பிறகு நடைமுறையை மாற்றினார்கள்: கூடுதலாக 1,000 அடி ஏற வேண்டும், உயரத்தைக் கடல் மட்டக் கணக்கிலேயே அறிவிக்க வேண்டும். பழக்கமில்லாத விமானத்தளத்துக்குப் போகும் உங்கள் மாணவரும் இதே மனக்கணக்கைப் போடுகிறார். உங்களுக்கான பாடம் அதுதான், சாகச வித்தையில் உங்களுக்கு வேலையில்லை.

விமானியை விட்டு நடைமுறையைப் பார்ப்பதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘விமானியைக் குறை சொல்லாதே’ என்பதை யாரையும் கண்டிக்கவே கூடாது என்று எடுத்துக்கொள்ளும் பள்ளிகள் இருக்கின்றன. 1994 ஜூன் 24 அன்று வாஷிங்டன் மாநிலத்தின் ஃபேர்சைல்ட் தளத்தில், விமானக் காட்சிக்கான ஒத்திகையில் ஒரு பி-52 குண்டுவீச்சு விமானம் தாழப் பறந்து, அளவுக்கு மீறிச் சாய்ந்து விழுந்தது. உள்ளிருந்த நால்வரும் இறந்தார்கள். ஓட்டியவர் பல ஆண்டுகளாக வரம்பு மீறிப் பறந்துவந்தவர். தளத்தில் பலருக்கும் அது தெரியும். அவரைப் பறக்கவிடக் கூடாது என்று படைப்பிரிவுத் தலைவர் ஒருவர் மேலதிகாரியிடம் கேட்டார், மறுத்துவிட்டார்கள். தன் ஆட்களை அவரோடு அனுப்ப மனமில்லாமல் அந்தத் தலைவர் தானே துணை விமானியாக ஏறினார். இறந்தவர்களில் அவரும் ஒருவர். இங்கே நடைமுறைத் தாளைத் திருத்தி ஒன்றும் ஆகாது. அதே இருக்கையில் வேறு யார் உட்கார்ந்தாலும் அந்தத் தவறு நேர்ந்திருக்குமா என்று கேளுங்கள். நேர்ந்திருக்கும் என்றால் நடைமுறையை மாற்றுங்கள். அவர் ஒருவர்தான் செய்வார் என்றால் அவரை நிறுத்துங்கள், எழுத்தில். மாணவர்கள் வாய்பிளந்து பார்க்கும் பயிற்றுநராக இருந்தாலும் சரி.

மாதம் ஓர் அறிக்கை போதும். பயிற்றுநர்களோடு மெக்கானிக்குகளையும் உட்கார வையுங்கள். அவர்களை அழைப்பவர்கள் குறைவு. 2011 நவம்பரில் பிரிட்டன் விமானப்படையின் ரெட் ஏரோஸ் சாகசக் குழுவின் விமானம் ஒன்று தரையில் நின்றபோதே அவசர வெளியேற்ற இருக்கை இயங்கி விமானியைத் தூக்கி எறிந்தது. ஒரு போல்ட்டை அதிகமாக இறுக்கியிருந்ததால் பாராசூட் விரியாமல் அவர் இறந்தார். இதை விமானிகள் மட்டும் படித்து என்ன பயன்?

பேசி முடித்ததும், நம் பள்ளியில் எதை மாற்றுகிறோம், யார், எந்தத் தேதிக்குள் என்று ஒரே தாளில் எழுதுங்கள். தணிக்கைக்கு வருபவர் தடித்த கோப்பைத் தேடுவார். பக்கங்களை எண்ணும் தணிக்கை இருக்கும்வரை ஆலோசகர்களுக்குப் பிழைப்புக் குறையாது. மாதத் தாள்களை வரிசையாகக் கோத்துக் கொடுங்கள். போதாது என்றால், எந்த விதியின்படி போதாது என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது.