சோனி ஆர்எக்ஸ்100 பாக்கெட் கேமரா வரிசையில் ஏழு மாடல்கள் இருக்கின்றன. அப்படி என்னதான் மாறியது?

வெளியே எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும், மாற்றம் பெரும்பாலும் உள்ளேதான். 2012இல் வந்த முதல் மாடலே பெரிய பாய்ச்சல். அன்றைய சாதாரண பாக்கெட் கேமராக்களில் ஒளியைப் பதிவுசெய்யும் சென்சாரைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு பரப்புள்ள ஒரு அங்குல சென்சாரை, சட்டைப்பையில் அடங்கும் உடலுக்குள் வைத்தார்கள். மங்கலான வெளிச்சத்தில் எடுத்த படங்களிலேயே வித்தியாசம் தெரிந்தது.

2013இல் வந்த இரண்டாவதில் சாய்க்கக்கூடிய திரை வந்தது. எனக்கு மிகவும் பிடித்தது 2014இல் வந்த மூன்றாவது மாடல். பக்கவாட்டில் ஒரு சின்ன நெம்புகோலை விரலால் தள்ளினால், கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் டக்கென்று மேலே எழும். அப்புறம் கண் வைக்கும் பகுதியைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். உச்சிவெயிலில் திரையே தெரியாதபோது இதன் அருமை புரியும். லென்ஸும் மாறியது: 24-70 மி.மீ. ஜூம், எஃப்1.8-2.8 (எஃப் எண் சிறிதாக இருந்தால் அதிக வெளிச்சம் உள்ளே வரும்). ஜூமின் கடைசியிலும் வெளிச்சம் ரொம்பக் குறையாது.

நான்காவதில் 4கே வீடியோ, ஐந்தாவதில் வேகமான ஃபோகஸ். 2018இல் வந்த ஆறாவதில் ஜூம் 200 மி.மீ. வரை நீண்டது, ஆனால் லென்ஸ் எஃப்2.8-4.5 ஆகிவிட்டது, அதிக வெளிச்சத்தைக் குறைக்க உள்ளிருந்த என்டி ஃபில்டரும் போனது. 2019இல் வந்த ஏழாவதில் மைக் செருக இடம் கிடைத்தது.

வீட்டுக்குள், இரவில் அதிகம் எடுப்பீர்கள் என்றால் மூன்று முதல் ஐந்து வரை பாருங்கள். பயணத்துக்கு, சரி, ஆறு அல்லது ஏழு.