பிடித்த படத்தைப் பார்த்தாலே கோபம் வருகிறது

கேள்வி: திரைப்படத் துறையில் முதுகலை படிக்கிறேன். இந்தப் பருவத்தில் பெண்ணியத் திரைப்படக் கோட்பாடு ஒரு பாடம். படங்களில் பெண் எப்படிப் பார்க்கப்படுகிறாள் என்று பேசும் லாரா மல்வியின் கட்டுரையில், அடிமனதை ஆராய்ந்த ஃப்ராய்டும் லக்கானும் வந்ததும் தலை சுற்றுகிறது. இன்னொரு பக்கம், முன்பு ஆசையாகப் பார்த்த படங்களைப் போட்டால் கோபம்தான் வருகிறது. வேறு பாடத்துக்கு மாறிவிடலாமா?
– மாணவி ஒருவர்

பதில்: மாறாதீர்கள். 1975இல் ‘ஸ்க்ரீன்’ இதழில் வந்த அந்தக் கட்டுரை, அவர்களுடைய துறையான உளப்பகுப்பாய்வு தெரிந்தவர்களிடம் பேசுகிற தொனியில் எழுதப்பட்டது, யாருக்கும் முதல் வாசிப்பில் பிடிபடாது. லக்கானை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். மூன்று பார்வைகளை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: எடுக்கிற கேமராவுடையது, பார்க்கிற நம்முடையது, படத்துக்குள் பாத்திரங்கள் ஒருவரையொருவர் பார்ப்பது. வழக்கமான கதைப்படம் முதல் இரண்டையும் மூன்றாவதுக்குள் ஒளித்துவிடுகிறது, அதனால்தான் நாயகன் பார்ப்பதையே பார்த்துக்கொண்டு அது நம் சொந்தப் பார்வை என்று நம்பி உட்கார்ந்திருக்கிறோம் என்கிறார் மல்வி. இதைத்தான் ‘ஆண் பார்வை’ என்கிறார்கள்.

அப்புறம், அவர் எடுத்துக்கொள்கிற ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’வைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள், ஒவ்வொரு ஷாட்டிலும் இது யார் கண் என்று குறித்தபடி. உணவகக் காட்சியில் நாயகன் ஸ்காட்டி பாரில் உட்கார்ந்திருக்க, கேமரா அவரை விட்டு நகர்ந்து கூடத்தைக் கடந்து, அவர் பின்தொடர வேண்டிய பெண்ணான மேடலினின் முதுகைத் தேடிப் போகிறது. அது அவர் கண் இல்லை, ஆனால் ஆசை அவருடையது. பிற்பாதியில் ஜூடி என்ற பெண், மேடலினாக நடித்தது தான்தான் என்ற உண்மையைக் கடிதமாக எழுதிக் கிழித்துப் போடுகிறாள், அந்த நொடியிலிருந்து ஸ்காட்டிக்குத் தெரியாதது நமக்குத் தெரியும். அதற்குப் பிறகு மேடலினைப் போல உடையை மாற்று, முடியை மாற்று என்று அவர் அவளை நெருக்கும்போது நாம் யார் பக்கம்? மல்வி இந்த இடத்தைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறார். பெண்ணிய விமர்சகர் டானியா மாட்லெஸ்கி 1988இல் ஹிட்ச்காக் படங்களில் பெண்ணின் இடம் அவ்வளவு நேராக இல்லை என்று ஒரு புத்தகமே எழுதினார். கோட்பாடு என்றால் ஒப்பிக்கிற விஷயம் இல்லை, இப்படி மறுத்துப் பேசித்தான் வளர்ந்திருக்கிறது, நீங்களும் மறுக்கலாம்.

கோபத்துக்கு வருகிறேன். பழகிய இன்பத்தை உடைப்பதே நோக்கம் என்று மல்வி வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார், ஆக கட்டுரை உங்களிடம் சரியாகவே வேலை செய்திருக்கிறது. அதோடு நின்றுவிடாமல் கறுப்பினப் பெண்ணிய எழுத்தாளர் பெல் ஹூக்ஸ் 1992இல் எழுதியதையும் படியுங்கள். பொதுவாகப் ‘பெண்’ என்று பேசும்போது கறுப்பினப் பெண்கள் எங்கே போனார்கள் என்று கேட்கிறார். வெள்ளை நாயகியோடும் ஒன்றாமல், அவளைப் பார்க்கிறவனோடும் ஒன்றாமல், படத்தை எதிர்த்துப் பார்ப்பதிலேயே அவர்களுக்கு ஓர் இன்பம் இருந்தது என்கிறார். எனக்கு மல்வியைவிட இவர்தான் நெருக்கம், உங்கள் கோபத்துக்கும் இங்கே வேலை இருக்கிறது.

ஒன்று மட்டும், தேர்வில் எல்லாப் படத்துக்கும் ‘ஆண் பார்வை’ என்று முத்திரை குத்தாதீர்கள். எந்த ஷாட், எந்த வெட்டு என்று காட்டி எழுதுங்கள்.