தானே எடுக்கும் எச்பிவி மாதிரி சரியாக வருமா?

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய எச்பிவி வைரஸைத் தேடும் சோதனைக்குத் தானே மாதிரி எடுக்க உங்கள் அம்மா தயங்குகிறார் என்கிறீர்கள். "நானே எடுத்தால் ரிசல்ட் தப்பாக வரும்" என்று அவர் பயப்பட வேண்டியதில்லை. பிசிஆர் முறை (வைரஸின் மரபணுவைத் தேடும் முறை) எச்பிவி சோதனையில், டாக்டர் எடுத்த மாதிரிக்கும் நாமே எடுத்ததற்கும் துல்லியத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆஸ்திரேலியாவில் 2022 ஜூலை முதல் பரிசோதனை வயதுப் பெண்கள் எல்லாருமே இப்படி எடுக்கலாம்.

அவர் பழைய பாப் ஸ்மியர் சோதனையை மனதில் வைத்திருக்கிறார் போல. அதற்குக் கர்ப்பப்பை வாயிலிருந்தே செல்கள் வேண்டும். இங்கே தேடுவது வைரஸை. பஞ்சுக் குச்சியைப் பிறப்புறுப்புக்குள் சில சென்டிமீட்டர் விட்டுச் சுழற்றினால் போதும். புடவையைக்கூட அவிழ்க்க வேண்டாம்!

லேபுக்குப் போன் போட்டு, நாமே எடுத்த மாதிரியை வாங்குவார்களா என்று முதலில் கேளுங்கள். எல்லா இடத்திலும் வாங்குவதில்லை.

மாதவிடாய் நிரந்தரமாக நின்ற பிறகு ரத்தம் பட்டிருந்தால் மட்டும் இது வேண்டாம், நேரே டாக்டரிடம் போங்கள். அப்புறம், பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. அதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.