விபத்து எண்ணிக்கைக்குப் பின்னால் இருப்பது என்ன? கேள்வி பதில்

சாலை விபத்து, காயம், உயிரிழப்பு ஆகியவற்றுக்கான புள்ளியியல் மாதிரிகள் (தரவை விளக்கவும் கணிக்கவும் உதவும் கணித வாய்பாடுகள்) பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களுக்குச் சேர்த்தே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, விபத்து எண்ணிக்கைக்குச் சாதாரண நேர்கோட்டு ரெக்ரஷன் (தரவுக்கு நேர்கோடு பொருத்திக் கணிக்கும் முறை) ஏன் போதாது?

விபத்து எண்ணிக்கை 0, 1, 2 என்று முழு எண்ணாகத்தான் வரும், பெரும்பாலும் சின்ன எண்ணாக. நேர்கோட்டு மாதிரி அதற்கு எதிர்ம எண்ணைக்கூடக் கணித்துவிடும். அதனால்தான், இப்படிப்பட்ட எண்ணிக்கைகள் ஒவ்வொன்றும் வரும் வாய்ப்பைச் சொல்லும் பாய்சான் பரவலில் தொடங்குகிறோம். ஆனால் பாய்சானில் சராசரியும் பரவற்படியும் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) சமமாக இருக்க வேண்டும். நிஜத் தரவில் பரவற்படி பெரும்பாலும் கூடுதலாகத்தான் இருக்கும். நாம் அளக்காத எத்தனையோ விஷயங்களில் ஒரு சாலைச் சந்திப்பு இன்னொன்றிலிருந்து வேறுபடுவதே காரணம். எதிர்மறை ஈருறுப்புப் பரவல் இந்தக் கூடுதலுக்கு இடம் தருகிறது. அதைக் கவனிக்காமல் விட்டால் திட்டப் பிழைகள் (நம் மதிப்பீடு எவ்வளவு தடுமாறலாம் என்ற அளவு) சிறுத்துப்போய், சம்பந்தமில்லாத காரணிகள்கூட முக்கியமானவை போலத் தெரியும்.

போக்குவரத்து அளவை மாதிரியில் மடக்கையாக (log) சேர்க்க மறக்காதீர்கள். அப்போது விபத்து, போக்குவரத்து அளவின் ஏதோ ஓர் அடுக்கில் மாறும். வாகனம் இரண்டு மடங்கானால் விபத்தும் இரண்டு மடங்காகும் என்று முன்கூட்டியே முடிவுகட்டாமல், அந்த அடுக்கைத் தரவே சொல்லட்டும்.

கேள்வி: அதிக விபத்து நடந்த சந்திப்புகளைத் தேர்ந்தெடுத்து வேகத்தடை போட்டோம். அடுத்த ஆண்டே விபத்து பாதியாகிவிட்டது. இதை வெற்றி என்று அறிக்கையில் எழுதலாமா சார்?

இந்தத் தரவை மட்டும் வைத்து எழுத முடியாது. இந்தத் துறையில் மிக அதிகமாக நடக்கும் தவறு இது என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

100 சந்திப்புகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் உண்மையான சராசரி ஆண்டுக்கு 4 விபத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கொன்று எந்த வித்தியாசமும் கிடையாது. பாய்சான் கணக்குப்படி, ஏதாவது ஓர் ஆண்டில் அவற்றில் சுமார் 11 சந்திப்புகளில் 7 அல்லது அதற்கு மேல் விபத்து நடக்கும், தற்செயலாகவே. அந்த 11 இடங்களின் சராசரி 7.8 அளவில் இருக்கும். அவற்றை 'ஆபத்தான இடங்கள்' என்று பட்டியல் போட்டு, ஒன்றுமே செய்யாமல் விட்டாலும் அடுத்த ஆண்டு சராசரி 4-க்குத் திரும்பிவிடும். ஏறத்தாழ பாதி! வேகத்தடை, எச்சரிக்கைப் பலகை என்று எதைச் செய்திருந்தாலும் அதற்குத்தான் பெயர் போயிருக்கும். சராசரிக்குத் திரும்புதல் என்பது இதுதான்.

உங்கள் வேகத்தடை பயன் தரவில்லை என்று நான் சொல்லவில்லை. அதன் பங்கு எவ்வளவு என்பது இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான். எஸ்ரா ஹாவர் போன்ற சாலைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் வளர்த்தெடுத்த அனுபவ பேய்ஸ் (Empirical Bayes) முறை இதற்கு உதவும். அதே வகைச் சந்திப்புகளுக்கு மாதிரி கணிக்கும் எண்ணிக்கையையும், அந்த இடத்தில் பதிவான எண்ணிக்கையையும் எடை போட்டுச் சேர்க்க வேண்டும். மாதிரி 4 என்கிறது, பதிவானது 10, எடை ஆளுக்குப் பாதி என்றால் மதிப்பீடு 7. வேகத்தடைக்குப் பிந்தைய எண்ணிக்கையை இந்த 7-உடன்தான் ஒப்பிட வேண்டும், 10-உடன் அல்ல. போக்குவரத்து அளவு மாறியிருந்தால் அதற்கும் திருத்தம் செய்யுங்கள்.

உயிர் காக்கும் பணம் எப்போதுமே குறைவு. பயனில்லாத ஏற்பாட்டை வெற்றி என்று எழுதினால், அடுத்த நூறு இடங்களுக்கும் அதே பணம் போகும்.

கேள்வி: உயிரிழப்புக்கும் அதே பாய்சான்தானா?

விபத்துகளை எண்ணலாம், இறந்தவர்களை நேரடியாக எண்ணும்போது கவனம் தேவை. ஒரே பேருந்து விபத்தில் பலர் இறக்கலாம். அந்த இறப்புகள் ஒன்றையொன்று சாராதவை அல்ல. உயிரிழப்பு நேர்ந்த விபத்துகளுக்கு ஒரு மாதிரி, ஒரு விபத்தில் எத்தனை பேர் என்பதற்கு இன்னொரு மாதிரி என்று பிரிப்பது நல்லது.

கேள்வி: தரவில் பாதிக்கு மேல் பூஜ்யம். பூஜ்யம் மிகுந்த மாதிரியை (zero-inflated model) போடலாமா?

அவசரப்படாதீர்கள். அந்த மாதிரி, சில சாலைகளில் விபத்து நடக்கவே வாய்ப்பில்லை என்று எடுத்துக்கொள்கிறது. வாகனம் ஓடும் எந்தச் சாலைக்கு அது பொருந்தும்? சாலைத் துண்டு சிறியது, காலம் குறுகியது என்றாலே பூஜ்யங்கள் குவியும். முதலில் துண்டை நீட்டிப் பாருங்கள், ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: மருத்துவமனைக்கு வந்தவர்களின் தரவை வைத்து ஹெல்மெட்டின் பலனை அளக்க முடியுமா?

காயத்தின் கடுமை லேசு, பலத்த காயம், மரணம் என்று வரிசையாக இருப்பதால் வரிசைப்படி அமைந்த நிலைகளில் ஒவ்வொன்றுக்கும் உள்ள வாய்ப்பைக் கணிக்கும் வரிசை லாஜிஸ்டிக் மாதிரி பொருத்தமாகத் தோன்றும். ஆனால் ஹெல்மெட் காப்பாற்றியவர் மருத்துவமனைக்கே வந்திருக்கமாட்டார். சம்பவ இடத்திலேயே இறந்தவரும் வந்திருக்கமாட்டார். இரண்டு பக்கமும் ஆட்கள் விடுபட்ட தரவை எந்த மாதிரியும் முழுதாகச் சரிசெய்யாது.

சாலைப் பாதுகாப்பு ஆய்வாளர் லியோனார்டு எவன்ஸ் 1986-இல் வெளியிட்ட இரட்டை இணை ஒப்பீடு இங்கே கைகொடுக்கும். ஒரே வண்டியில் ஓட்டுபவரும் பின்னால் இருப்பவரும் போகிறார்கள். வேகமும் மோதலும் இருவருக்கும் ஒன்றே. ஓட்டுபவர் ஹெல்மெட் போட்டிருந்த வண்டிகளிலும் போடாத வண்டிகளிலும், பின்னால் இருப்பவரின் இறப்போடு ஓட்டுபவரின் இறப்பு என்ன விகிதத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பின்னால் இருப்பவர் இரண்டு தொகுதியிலும் ஒரே நிலையில் இருக்க வேண்டும். உதாரணமாக, ஹெல்மெட் போடாதவராக.

கேள்வி: வேகத்தின் பங்கை ஒரே வரியில்?

சராசரி வேகம் கூடினால் உயிரிழப்பு விபத்துகள் அந்த விகிதத்தின் நான்காம் அடுக்கில் கூடும் என்பது சுவீடன் ஆய்வாளர் கோரன் நில்சன் முன்வைத்த மாதிரி. அதன்படி வேகம் 5% கூடினால் அவை சுமார் 22% கூடும்.

கேள்வி: ஒரு சட்டம் உயிரைக் காத்ததா என்று எப்படிச் சோதிப்பது?

பிரிட்டனில் 1983 ஜனவரி 31-இல் முன்னிருக்கை சீட் பெல்ட் கட்டாயமானது. ஹார்வி, டர்பின் என்ற ஆய்வாளர்கள் விபத்தில் பாதிக்கப்பட்டவர்களின் மாதவாரித் தரவைக் காலத்தொடராக (காலவரிசையில் அமைந்த எண்களாக) ஆராய்ந்து 1986-இல் எழுதினார்கள். ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் 1969 முதல் 1984 வரையிலான இந்தத் தரவு கூடவே வருகிறது. பழகிப் பார்க்க இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. சட்டம் தொடாத பின்னிருக்கைப் பயணிகளின் எண்ணிக்கையும் அதில் உண்டு. முன்னிருக்கையில் குறைந்து பின்னிருக்கையில் குறையாமல் இருந்தால், பெட்ரோல் விலையோ வானிலையோ காரணம் என்று சொல்வது கடினம்.

கேள்வி: நாடுகளை ஒப்பிடலாமா?

இறப்பு என்பதற்கான வரையறையை முதலில் பாருங்கள். விபத்து நடந்து 30 நாளுக்குள் இறந்தால் கணக்கில் சேர்ப்பது பரவலான வழக்கம். ஒரு நாடு சம்பவ இடத்து மரணத்தை மட்டும் எண்ணினால் அதன் எண் சிறிதாகத்தான் தெரியும். 2021-இல் உலகில் 11.9 லட்சம் பேர் சாலையில் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்வது மதிப்பீடு. நாடுகள் தந்த எண்களின் வெறும் கூட்டல் அல்ல. ஆகவே ஒரே அட்டவணையில் ஒரு நாட்டுக்குக் காவல்துறைப் பதிவையும் இன்னொன்றுக்கு மதிப்பீட்டையும் கலக்காதீர்கள்.