அலர்ஜிக்கும் குடல் பாக்டீரியாவுக்கும் என்ன சம்பந்தம்? நீங்க கேட்டதும் என் பதிலும்

குழந்தைங்க வீசிங் பத்தி எழுதினதுக்கு அப்புறம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல குடல் பாக்டீரியா, ப்ரோபயாடிக் (உடம்புக்கு நல்லதுன்னு மருந்து மாதிரி கொடுக்கற உயிருள்ள பாக்டீரியா) பத்திதான் இருந்துச்சு. ஒரே மாதிரி கேட்டதையெல்லாம் ஒண்ணாக்கி பதில் சொல்றேன்.

கேள்வி: நாங்கல்லாம் மண்ணுல புரண்டுதான் வளர்ந்தோம், ஒருத்தருக்கும் இளைப்பு கெடையாது. இப்ப புள்ளைங்கள ரொம்ப சுத்தமா வளர்க்கறதுதான் காரணமா?

பாதிதான் சரி. 1989-ல பிரிட்டன்ல டேவிட் ஸ்ட்ராக்கன்னு ஒரு ஆராய்ச்சியாளர், 1958-ல பொறந்த 17,414 பேரோட விவரத்த அலசிப் பார்த்தாரு. வீட்டுல மூத்த அண்ணன் அக்கா எத்தனை அதிகமோ, சின்னவங்களுக்கு மகரந்தத்தால வர்ற தும்மல், மூக்கொழுகல் அவ்வளவு குறைவா இருந்துச்சு. சின்ன வயசுல கூடப்பொறந்தவங்ககிட்ட இருந்து தொத்திக்கற கிருமிங்க காப்பாத்துதோன்னு அவர் கேட்டாரு, அதுதான் பின்னாடி "சுத்தம் கூடினா அலர்ஜி வரும்"னு ஊரெல்லாம் பரவிடுச்சு.

ஆனா விஷயம் அவ்வளவு லேசு இல்லங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆராய்ச்சி 2016-ல அமெரிக்காவுல வந்தது, ஆமிஷ், ஹட்டரைட்னு ரெண்டு விவசாய சமூகம், ரெண்டு பேரோட முன்னோருமே ஐரோப்பாவுல இருந்து போனவங்க, மரபணுவும் கிட்டத்தட்ட ஒண்ணு, சாப்பாடும் பெருசா வித்தியாசமில்ல, ரெண்டு சமூகத்துலயும் வீடு சுத்தமாத்தான் இருக்கும். ஆமிஷ்காரங்க குதிரை பூட்டி உழறவங்க, மாட்டுக்கொட்டகை வீட்டுக்குப் பக்கத்துலயே, புள்ளைங்க அங்கயே விளையாடும். ஹட்டரைட்காரங்களுக்குப் பெரிய மெஷின் வச்ச பண்ணை, சின்னப் புள்ளைங்க அந்தப் பக்கமே போறதில்ல. ஆஸ்துமா எவ்வளவுன்னு பாருங்க, ஆமிஷ் புள்ளைங்ககிட்ட 5 சதவீதம், ஹட்டரைட் புள்ளைங்ககிட்ட 21 சதவீதம்! ஆமிஷ் வீட்டுத் தூசியில பாக்டீரியாவோட மேல்தோல்ல இருக்கற எண்டோடாக்ஸின் 6.8 மடங்கு அதிகம். அலர்ஜி வரவைக்கற பொருளோட அந்தத் தூசியையும் எலியோட மூக்குல விட்டப்ப எலிக்கு இளைப்பு வரல, கிருமிய மோப்பம் பிடிக்கற ரெண்டு புரதம் இல்லாத எலிகளுக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு கிடைக்கல. அதாவது வேலை பார்த்தது அழுக்கு இல்ல, கால்நடையோட சேர்ந்து வர்ற கிருமிங்க, அதுவும் பொறந்ததுல இருந்தே விடாம கிடைச்ச பழக்கம்.

அதனால ரோட்டுத் தூசி, டீசல் புகை, கரப்பான்பூச்சி எச்சம் இதையெல்லாம் இந்தக் கணக்குல சேர்க்காதீங்க, அதெல்லாம் இளைப்ப கூட்டத்தான் செய்யும். கை கழுவறத நிறுத்தவே நிறுத்தாதீங்க.

கேள்வி: எனக்கு சிசேரியன். குழந்தைக்கு அலர்ஜி வரும்னு படிச்சதுல இருந்து தூக்கமே இல்ல.

இந்தக் கேள்விதான் எனக்கு மனசுக்கு கஷ்டமா இருந்துச்சு. 2019-21 தேசிய குடும்பநல சர்வேப்படி தமிழ்நாட்டுல 44.9 சதவீத பிரசவம் சிசேரியன், அதனால பாதிக்குப் பாதி அம்மாங்க இதே பயத்தோடதான் இருப்பீங்க.

சுகப்பிரசவத்துல குழந்தை அம்மாவோட குடல் பாக்டீரியாவ வாங்கிட்டு வருது, சிசேரியன்ல அது தள்ளிப்போகுது, இது உண்மை. ஆனா டென்மார்க்ல கோப்சாக்னு ஒரு குழு எழுநூறு குழந்தைங்கள கர்ப்பத்துல இருந்தே தொடர்ந்து பார்த்து 2020-ல என்ன சொன்னாங்கன்னா, சிசேரியன்ல பொறந்தாலும் ஒரு வயசுக்குள்ள குடல் பாக்டீரியா மத்த குழந்தைங்க மாதிரி முதிர்ந்துட்டா ஆஸ்துமா ஆபத்து கூடல, ஒரு வயசுலயும் சிசேரியன் சாயலே மாறாம இருந்தவங்களுக்குத்தான் கூடுச்சு. அப்ப பிரசவம் நடந்த அந்த ஒரு நாள விட அடுத்த பன்னெண்டு மாசம்தான் முக்கியம், அது உங்க கையில நிறைய இருக்கு. தாய்ப்பால்ல ஒலிகோசாக்கரைடுன்னு ஒரு சர்க்கரை வகை இருக்கு, குழந்தையால அத செரிக்கவே முடியாது, அது பிஃபிடோபாக்டீரியாங்கற நல்ல குடல் பாக்டீரியாவுக்கான சாப்பாடு! முடிஞ்சவரைக்கும் பால் கொடுங்க. பால் போதாம பவுடர் கொடுக்கறவங்களும் பதற வேணாம், ஆறு மாசத்துக்கு மேல வகைவகையா வீட்டுச் சாப்பாடு ஆரம்பிக்கறதும் குடல முதிர வைக்கும்.

அம்மாவோட பிறப்புறுப்பு நீர துணியில எடுத்துக் குழந்தை மேல தடவறத பத்தியும் ஒருத்தர் கேட்டிருந்தாங்க. ஆராய்ச்சிக்கு வெளிய அத செய்யாதீங்கன்னு அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கமே சொல்லியிருக்கு. அம்மாவுக்குத் தெரியாம இருக்கற தொற்று குழந்தைக்குப் போயிடும், வீட்டுல முயற்சியே பண்ணாதீங்க.

கேள்வி: சளின்னு போனாலே ஆன்டிபயாடிக் சிரப் எழுதறாங்க. இதனால ஆஸ்துமா வருமா?

கனடாவுல பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துல ஒரு வயசுக்குக் கீழ உள்ள ஆயிரம் குழந்தைக்கு வருஷத்துக்கு 1,250-க்கு மேல இருந்த ஆன்டிபயாடிக் சீட்டு 2000-ல இருந்து 2014-க்குள்ள 500-க்கும் கீழ இறங்குச்சு, அதே காலத்துல ஒண்ணுல இருந்து நாலு வயசுப் புள்ளைங்களுக்குப் புதுசா வர்ற ஆஸ்துமா 26 சதவீதம் குறைஞ்சுச்சு. இளைக்கற குழந்தைக்குத்தானே டாக்டர் அதிகமா ஆன்டிபயாடிக் எழுதுவாரு, அப்ப எது காரணம் எது விளைவுன்னு நீங்க கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனா அதே நாட்டுல சைல்டுங்கற பெரிய ஆய்வுல குழந்தைங்களோட மலத்தையும் சோதிச்சாங்க, ஆன்டிபயாடிக் எடுத்தவங்களுக்குக் குடல் பாக்டீரியா மாறியிருந்துச்சு, அந்த மாற்றத்தோடதான் பின்னாடி வந்த ஆஸ்துமா சேர்ந்து போச்சு. தாய்ப்பால் குடிச்சவங்களுக்கு அந்தப் பாதிப்பு குறைவா இருந்ததையும் 2023-ல காட்டினாங்க.

நிமோனியாவுக்கோ மூத்திரத் தொற்றுக்கோ ஆன்டிபயாடிக் எழுதினா தயங்காம, சொன்ன நாள் முழுக்கக் கொடுங்க, அங்க உயிர் முக்கியம். நான் கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கறது வேற, சாதாரண மூக்கொழுகலுக்கு மெடிக்கல் ஷாப்ல நேரா போய் போன தடவை எழுதின சிரப்பையே வாங்கி ஊத்தறத நிறுத்துங்க. சளி பெரும்பாலும் வைரஸ், அந்த சிரப் அத ஒண்ணும் பண்ணாது.

கேள்வி: எக்ஸிமாவுக்கு (தோல் வறண்டு சிவந்து அரிக்கற நோய்) ப்ரோபயாடிக் கொடுக்கலாமா? எந்த பிராண்டு நல்லது?

பிராண்டு சொல்லமாட்டேன், ஏன்னு சொல்றேன். 2001-ல பின்லாந்துல கர்ப்பிணிங்களுக்கும் அப்புறம் குழந்தைக்கும் எல்ஜிஜிங்கற லாக்டோபேசிலஸ் கொடுத்தாங்க, ரெண்டு வயசுல எக்ஸிமா 46 சதவீதத்துல இருந்து 23 ஆச்சு, உலகமே துள்ளிக் குதிச்சுச்சு. அதே பாக்டீரியாவ சான்பிரான்சிஸ்கோவுல முதல் ஆறு மாசம் குழந்தைக்குக் கொடுத்துப் பார்த்தாங்க, 2017-ல ரிசல்ட், எக்ஸிமாவுலயும் வித்தியாசமில்ல ஆஸ்துமாவுலயும் இல்ல. வந்துட்ட எக்ஸிமாவுக்கு மருந்தா வேலை செய்யுதான்னு 39 ஆய்வுகள, மருத்துவ ஆய்வுகள ஒண்ணா அலசற கோக்ரேன் குழு 2018-ல சேர்த்துப் பார்த்து, பலன் கிட்டத்தட்ட ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க. ஆஸ்திரேலியாவுல வேர்க்கடலை அலர்ஜிக்கு கடலைய கொஞ்சம் கொஞ்சமா கூட்டிக் கொடுக்கற சிகிச்சையோட ப்ரோபயாடிக்கையும் சேர்த்துப் பார்த்தாங்க, சேர்த்தவங்களுக்கும் சேர்க்காதவங்களுக்கும் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு குணம், ப்ரோபயாடிக்கால கூடுதலா எதுவும் கிடைக்கல.

தடுக்கறதுக்குன்னு பார்த்தா, குடும்பத்துல அலர்ஜி பலமா இருந்தா கர்ப்ப காலத்துலயும் பால் கொடுக்கும்போதும் யோசிக்கலாம்னு உலக அலர்ஜி அமைப்பு 2015-ல சொன்னுச்சு, ஆனா ஆதாரம் ரொம்ப பலவீனம்னு அவங்களே எழுதியிருக்காங்க. பேதிக்கு வாங்கற சின்ன பிளாஸ்டிக் குப்பியில இருக்கறது பேசிலஸ் கிளாசியை, அது வேற பாக்டீரியா, அத அலர்ஜிக்கு மாசக்கணக்குல கொடுக்கறதுல அர்த்தமில்ல. குறைமாசக் குழந்தைக்கோ எதிர்ப்பு சக்தி கம்மியா உள்ளவங்களுக்கோ டாக்டர் சொல்லாம எதையும் கொடுக்காதீங்க.

கேள்வி: பழைய சோறு, தயிர் சாப்பிட்டா சைனஸ் அலர்ஜி போகுமா?

போயிடும்னு சொல்ல ஆதாரம் இல்லங்க. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில பழைய சோறு பத்தி ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க, ஆனா அது குடல் நோய்ங்களுக்கு. நல்ல சாப்பாடுங்கறதுல சந்தேகமே வேணாம். நார்ச்சத்தும் ஆறின சோத்துல இருக்கற செரிக்காத மாவுச்சத்தும் பெருங்குடலுக்குப் போனா பாக்டீரியா அத நொதிக்க வச்சு ப்யூட்டிரேட்னு ஒண்ணு உண்டாக்கும், அது டி-ரெக் செல்லுங்கள வளர்க்கும், தெருச்சண்டைய விலக்கிவிடற பெரியவர் மாதிரி எதிர்ப்பு சக்திய அடக்கி வைக்கறது அந்த செல்லுங்கதான். ஐரோப்பாவுல ஒரு வயசுல மலத்துல ப்யூட்டிரேட் அதிகமா இருந்த குழந்தைங்களுக்குப் பின்னாடி ஆஸ்துமா குறைவா இருந்துச்சு. கீரை, பயறு, சிறுதானியம் எல்லாமே இந்த வேலைக்கு ஆகும். இதுக்காக மூக்கு ஸ்பிரேய நிறுத்திடாதீங்க.

கேள்வி: பாக்டீரியா கலந்த க்ரீம் எக்ஸிமாவுக்கு வந்துடுச்சாமே?

பெரிய சோதனையில ஜெயிச்சு மருந்தா அனுமதி வாங்கினது எதுவும் இன்னும் வரல. எக்ஸிமா தோல்ல ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ்ங்கற கெட்ட பாக்டீரியா பெருகிக் கிடக்கும், அத அடக்க நல்ல தோல் பாக்டீரியாவ தடவறதுதான் யோசனை. ரோஸியோமோனாஸ்ங்கற பாக்டீரியாவ வச்சு 2018-ல அமெரிக்காவுல சின்ன அளவுல நல்ல ரிசல்ட் வந்துச்சு, ஒரு கம்பெனி அத எடுத்துப் பெரிய அளவுல சோதிச்சப்ப 2021-ல தோத்துப்போச்சு. ஹோமினிஸ்ங்கற இன்னொரு வகைய வச்சு ஆராய்ச்சி நடந்துட்டிருக்கு. இப்போதைக்கு குளிச்ச ஈரம் காயறதுக்குள்ள மாய்ஸ்சரைசர், டாக்டர் சொன்ன ஸ்டீராய்டு க்ரீம், இதுல ஒழுங்கா இருங்க.

கேள்வி: வீட்டுக்கே கிட் அனுப்பி மலம் சோதிச்சு குடல் ரிப்போர்ட் தர்றாங்க. எடுக்கலாமா?

வேணாம். கனடாவுல ஆஸ்துமா ஆபத்துள்ள குழந்தைங்களுக்கு மூணு மாசத்துல நாலு வகை பாக்டீரியா குறைவா இருந்துச்சு, ஒரு வயசுல அந்த வித்தியாசமே பெரும்பாலும் மறைஞ்சுடுச்சு. அதே குழு ஈக்வடார் கிராமத்துல பார்த்தப்ப மாறியிருந்தது வேற வேற கிருமிங்க, அங்க ஈஸ்ட்தான் பெருசா தெரிஞ்சுச்சு. ஊருக்கு ஊர், மாசத்துக்கு மாசம் மாறற விஷயத்துல அஞ்சு வயசுப் புள்ளையோட ஒரு நாள் சாம்பிள வச்சு "நல்ல குடல், கெட்ட குடல்"னு மார்க் போட முடியாது. அந்தக் காச இன்ஹேலர்ல மாட்டற ஸ்பேசர் குழாய் வாங்கவும், எதுக்கு அலர்ஜின்னு தோல் ஊசி டெஸ்ட் பண்ணவும் வச்சுக்கோங்க, அதுல வர்ற பதில வச்சு டாக்டர் உடனே ஏதாவது செய்ய முடியும்.