தூங்கினாலும் கல்லா நிறையும்

கேள்வி: நகரத்து உயிரியல் பூங்காக்களில் எப்போது போனாலும் பாதி விலங்குகள் தூங்கிக்கொண்டிருக்கின்றன. அப்புறம் எதைப் பார்க்க இவ்வளவு கூட்டம்? டிக்கெட் விலையைக் கூட்டினால்தான் வருமானமா?

பதில்: தூக்கத்தை இளக்காரமாகப் பேசாதீர்கள். 1850-இல் எகிப்திலிருந்து ஒபேஷ் என்ற நீர்யானைக் குட்டி லண்டன் பூங்காவுக்கு வந்தது. நீர்யானைக்கு மேய்ச்சல் இரவில், தூக்கம் பகலில். பூங்கா திறந்திருப்பதோ பகலில். ஆனாலும் அந்த வருடம் பார்வையாளர்கள் இரட்டிப்பானார்கள். நானும் இத்தனை வருடமாகக் கண் விழித்து எழுதுகிறேன், பத்திரிகை விற்பனை இரட்டிப்பாகவில்லை. என் கட்டுரையைப் படித்தால் தூக்கம் வருகிறது என்று ஒரு விமர்சகர் முன்பு எழுதினார். (பெயரைச் சொல்ல மாட்டேன், அவர் புத்தகம் நாலு பிரதி விற்றுவிடும்.) அதை அட்டையிலேயே போட்டிருக்க வேண்டும் என்று இப்போது படுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கூட்டம் வருவது விலங்குக்காக அல்ல, பெயர் வைத்த குட்டிக்காக. பெர்லினில் 2006 டிசம்பரில் பிறந்த பனிக்கரடிக் குட்டி க்னூட்டைத் தாய் ஏற்கவில்லை, பராமரிப்பாளர் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தார். அடுத்த வருடம் ஊரே வரிசையில் நின்றது. காசு வந்தால் பங்காளியும் வர வேண்டுமே! குட்டியின் தகப்பனை இரவல் கொடுத்திருந்த இன்னொரு பூங்கா, வருமானத்தில் பங்கு கேட்டு வழக்குப் போட்டது. கடைசியில், 2009-இல், 4,30,000 யூரோ கொடுத்துத்தான் பெர்லின் க்னூட்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. கரடிக்குத் தூக்கம் கெட்டதாகத் தகவல் இல்லை.

டிக்கெட் விலையா? அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பூங்காவில் நுழைவே இலவசம். 1916-இல் ஊர் மக்களே ஓட்டுப் போட்டு அதற்கென ஒரு சொத்து வரியை ஏற்றுக்கொண்டார்கள். உள்ளே போனபின் வண்டி நிறுத்த, சாப்பிட, குட்டி ரயிலில் சுற்றக் காசு. எந்தப் பூங்காவிலும் போவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது ஐந்து வயதுப் பிள்ளை, பர்ஸைத் திறப்பது அப்பா. மீதியை மழையும் பள்ளி விடுமுறையும் பார்த்துக்கொள்ளும்.

இன்னொன்று. நீர்யானைக்குக் கிரேக்கர்கள் ஆற்றுக்குதிரை என்று பெயர் வைத்ததால் நாமும் நீர்க்குதிரை என்றே எழுத வேண்டும் என்று ஒரு வாசகர் விடாமல் கடிதம் போடுகிறார். ஐயா, உயிரோடிருக்கும் விலங்குகளில் அதற்கு நெருங்கிய சொந்தம் திமிங்கிலம் என்கிறது அறிவியல். குதிரையும் தப்பு, யானையும் தப்பு. தப்புதான் என்றால் நான் நம் தப்பையே எழுதிக்கொள்கிறேன்.